கவசம் உண்டு, வெடிமருந்து இல்லை

மாயாஜால உலகங்களில் நிகழும் ரோல்பிளேயிங் விளையாட்டுகள் (ஆடுபவர்கள் கதைமாந்தர்களின் வேடமேற்று ஆடுபவை) தம்மை இடைக்காலத்தவை என்று சொல்லிக்கொண்டாலும், அவற்றின் ஆயுதப் பட்டியலைப் படித்தால் பல நூற்றாண்டுகள் ஒரே சந்தையில் கடை விரித்திருப்பது தெரியும். 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டின் வழிவந்த பெரும்பாலான உலகங்களில், உடல் முழுவதையும் மூடும் எஃகுத் தகட்டுக் கவசம் கிடைக்கும், வெடிமருந்து அரிது. வரலாற்றில் நடந்ததோ நேர்மாறானது: ஐரோப்பாவில் பீரங்கி 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வந்துவிட்டது, முழுத் தகட்டுக் கவசம் 15-ஆம் நூற்றாண்டில்தான் முதிர்ச்சியடைந்தது. குத்துவதற்கான மெல்லிய, நீண்ட ரேப்பியர் வாள் அதற்கும் பிந்தியது.

இந்தக் கலவையை நான் குறையாகக் கருதவில்லை. கற்பனை உலகம் நம் காலவரிசைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

கர்ப்ஸ் (GURPS) என்ற ரோல்பிளேயிங் விதிமுறை கற்காலத்துக்கு 0, இடைக்காலத்துக்கு 3 என்று தொழில்நுட்ப நிலைகளுக்கு எண் தருகிறது. ஆட்டத்தை நடத்துபவருக்கு இது வசதிதான். ஆனால், இரும்பும் சக்கர வண்டியும் இன்றியே மலைகளின் ஊடாகப் பல ஆயிரம் கிலோமீட்டர் சாலை அமைத்த இன்கா பேரரசை எந்த எண்ணில் அடைப்பது?

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. தொட்டவுடன் காயத்தை ஆற்றும் பூசாரிகளும், நொடியில் செய்தி அனுப்பும் மந்திரவாதிகளும் மலிந்த நாட்டில், மருத்துவமும் அஞ்சலும் போரும் அப்படியே பழைய ஐரோப்பாவைப் போல இயங்குமா? பறக்கும் டிராகன்கள் இருக்கும் உலகில், கூரையற்ற கோட்டை மதில்களை யார், எதற்காகக் கட்டுவார்கள்? ஆயுதப் பட்டியலைத் தொகுப்பதற்கு முன்பே, உலகைப் படைப்பவர் இக்கேள்விகளுக்கு விடை தேடியிருக்க வேண்டும்.