ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இல்லாமல் ஓர் அணை நீர்மட்டச் செயலி

ஜூன் மாதம் நெருங்கினால் திருநெல்வேலிப் பக்கம் பேச்சு ஒன்றுதான். பாபநாசத்தில் எத்தனை அடி? கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, மாட்டார்களா? ஐப்பசி பிறந்தால் பிசான சாகுபடிக்கும் இதே கேள்வி வரும். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். பாபநாசத்தையும் சேர்வலாற்றையும் ஒரு சுரங்கம் இணைப்பதால் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

நீர்மட்டம் தினமும் நாளிதழில் வருகிறது, வாட்ஸ்அப் குழுவிலும் யாராவது போட்டுவிடுகிறார்கள். ஆனால் போன வாரம் எவ்வளவு இருந்தது, போன வருஷம் இதே நாளில் எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடைக்காது. குழுவில் பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டியதுதான். எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் இந்தக் கணக்கை வருஷக்கணக்காக நோட்டில் எழுதி வருகிறார். அந்த நோட்டை கூகுள் ஷீட்டில் ஏற்றி, அதைப் படித்துக் காட்டும் சின்னச் செயலி ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. அப்படித்தான் இந்த வேலை ஆரம்பித்தது. நான் வலைத்தளப் பக்கம் வேலை செய்பவன், மொபைல் செயலி எனக்குப் புதிது.

ஃப்ளட்டரை எடுத்துக்கொண்டேன். செயலி எழுதுவதற்கான கூகுளின் கருவி, டார்ட் மொழி, முதல் முழுப் பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. அதில் செயலியை உருவாக்குவது, போனில் ஓட்டுவது, கடைசியில் கட்டி எடுப்பது (பில்ட்) எல்லாவற்றையும் கமாண்ட் தட்டும் டெர்மினலில் ஒரு வரி தட்டியே செய்துவிடலாம். என் லேப்டாப்பில் ராம் 8 ஜிபி. ஆண்ட்ராய்டு செயலி எழுத வழக்கமாகப் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும், கணினியிலேயே போன்போல் ஓடும் எமுலேட்டரையும் சேர்த்துத் திறந்தால் மற்ற எதுவும் நகராது. அதனால் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், டெர்மினல், யூஎஸ்பி வயர், என் பழைய போன், இவ்வளவுதான் பட்டறை என்று முடிவு செய்தேன்.

ஸ்டுடியோ வேண்டாம் என்றால் அதனுடன் வரும் ஆண்ட்ராய்டு எஸ்டிகே என்ற கருவித் தொகுப்பை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ஜாவா 17, அப்புறம் ஆண்ட்ராய்டின் கமாண்ட் லைன் டூல்ஸ் என்ற ஜிப் கோப்பு. இந்த ஜிப்பை விரித்து அப்படியே வைத்தால் எஸ்டிகே மேனேஜர் தன் வீடு எங்கே என்று தெரியாமல் நின்றுவிடும். டூல்ஸ் ஃபோல்டருக்குள் ‘லேட்டஸ்ட்’ என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் ஸ்டுடியோவுக்கே திரும்புகிறார்கள். இதைத் தாண்டிவிட்டால் ‘ஃப்ளட்டர் டாக்டர்’ என்று தட்டுங்கள். எது சரியாக இருக்கிறது, எது குறைகிறது என்று வரிவரியாகச் சொல்லும், குறைக்கு எந்தக் கமாண்ட் மருந்து என்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். லைசென்ஸ்களை ஏற்கச் சொல்லும், ஒவ்வொன்றுக்கும் ‘ஒய்’ தட்டினால் போதும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இல்லையே என்று கடைசி வரை ஒரு ஆச்சரியக்குறி இருந்துகொண்டே இருக்கும். அதை விட்டுவிடலாம், வேலை நடக்கும்.

இன்டர்நெட் பற்றி ஒரு வார்த்தை. என் வீட்டில் மொபைல் டேட்டாதான். அதனால் பாளையங்கோட்டையில் நண்பர் வீட்டு ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கினேன். இன்ஸ்டால் செய்ததோடு எழுந்து வந்துவிடாமல், ஒரு வெற்று புராஜெக்ட் உருவாக்கி அதை ஒருமுறை முழுசாகப் பில்ட் செய்துவிட்டே கிளம்பினேன். காரணம், செயலியைக் கட்டும் கிரேடில் என்ற கருவி தனக்கு வேண்டியதை எல்லாம் முதல் பில்டில்தான் இறக்குகிறது, அது கொஞ்சநஞ்சமல்ல. அதன்பின் அதே பொருள்கள் கணினியிலேயே இருக்கும், கிராமத்து டேட்டாவே போதும்.

ராம் குறைவாக உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய கோப்பு ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் இருக்கும் ‘கிரேடில் டாட் பிராப்பர்ட்டீஸ்’. எனக்கு உருவான புராஜெக்டில் ஜாவாவுக்கு 8 ஜிபி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. கணினியில் இருப்பதே 8 தான், அதை முழுசாகத் தூக்கிக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? 2 ஜிபி என்று மாற்றினேன். பில்ட் கொஞ்சம் மெதுவாகிறது, ஆனால் நடுவில் சாவதில்லை.

போனை இணைப்பது எளிது. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்ய வேண்டும். வயரைச் செருகியதும் போன் திரையில் அனுமதி கேட்கும், அதை ஏற்ற பிறகுதான் கணினி அந்தப் போனைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு ‘ஃப்ளட்டர் ரன்’.

இந்த இடத்தைப் பற்றி எனக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. ஒரு சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். போன் அவர் கையில், வயரின் மறுமுனை என் லேப்டாப்பில். மூன்று அணைகளின் பெயரும் அடிக்கணக்கும் திரையில் இருந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“எழுத்து கண்ணுக்கே தெரியலயே தம்பி.”

எடிட்டரில் எழுத்தளவை மாற்றி சேமித்தேன், டெர்மினலில் ‘ஆர்’ என்ற ஒரே எழுத்தைத் தட்டினேன். அவர் கையில் இருந்த திரையிலேயே எழுத்து பெரிதானது. செயலி மூடித் திறக்கவில்லை, வயரைக் கழற்றவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் சொன்னதுதான் முக்கியம்.

“எத்தன அடிங்கது அப்புறம். நேத்தைக்கு விட ஏறியிருக்கா எறங்கியிருக்கா, அதச் சொல்லு முதல்ல. வரத்து எவ்வளவு, வெளியேத்தம் எவ்வளவு, அதயும் போடு.”

ஏற்ற இறக்கத்தை அடிக்கணக்குக்கு மேலே கொண்டுவந்தேன், நீர்வரத்தும் வெளியேற்றமும் கன அடியில் கீழே வந்தன. அவர் சொல்லச் சொல்ல ‘ஆர்’ தட்டிக்கொண்டே இருந்தேன். இருட்டுவதற்குள் செயலியின் முகப்பு முடிந்துவிட்டது. பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, அவர் கண் முன்னாலேயே மாற்றிக் காட்ட முடிகிறது பாருங்கள், அதற்காகவே இந்தக் கருவியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

அடுத்தது வெளியே கொடுக்கும் ரிலீஸ் பில்ட். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. வயரில் இணைத்து ஓட்டும்போது ஷீட்டிலிருந்து தரவு வரும், ரிலீஸாகக் கட்டினால் திரை காலியாக நிற்கும். பிழைச்செய்தி எதுவும் கண்ணில் படாது. வயரில் ஓட்டும் டீபக் பதிப்புக்கு, அனுமதிகளை எழுதி வைக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் இன்டர்நெட் அனுமதியை ஃப்ளட்டரே எழுதி வைத்திருக்கிறது, முதன்மை மேனிஃபெஸ்டில் அது இல்லை. அந்த ஒரு வரியை நாம்தான் சேர்க்க வேண்டும். இன்டர்நெட்டில் இருந்து எதையாவது எடுக்கும் செயலி என்றால் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். கூடவே, கடைசியாக வந்த எண்களைப் போனிலேயே சேமித்து வைக்கும்படி செய்தேன். மலையடிவாரத்தில் சிக்னல் வரும், போகும். சிக்னல் இல்லாத நேரத்தில் காலித் திரைக்குப் பதில் ‘நேற்று காலை நிலவரம்’ என்று தேதியோடு காட்டுகிறது.

ரிலீஸ் என்றால், செயலி நம்முடையதுதான் என்று காட்டும் கையெழுத்துச் சாவி வேண்டும். ஜாவாவோடு வரும் ‘கீடூல்’ கமாண்டில் அந்தச் சாவியை வைத்திருக்கும் கீஸ்டோர் கோப்பை உருவாக்க வேண்டும். செல்லுபடியாகும் காலமாக ஃப்ளட்டர் ஆவணத்தில் 10,000 நாள் என்று போட்டிருக்கிறார்கள், 27 வருஷத்துக்கு மேல். அந்தக் கோப்பையும் பாஸ்வேர்டையும் வீட்டுப் பத்திரத்தைப் பாதுகாப்பதுபோல் பாதுகாக்க வேண்டும். கோடைச் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) ஏற்றவே கூடாது. நான் ஒரு பென்டிரைவில் போட்டு அண்ணாச்சி வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன், இன்னொரு பிரதி என்னிடம். பிளே ஸ்டோரில் போடுகிறவர்கள் அப்லோட் சாவியைத் தொலைத்துவிட்டால் கூகுளிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஏபிகே என்ற இன்ஸ்டால் கோப்பாக மட்டும் கையில் கொடுக்கிறவர்களுக்கு அந்த வழி இல்லை. சாவி மாறினால் பழைய செயலியின் மேல் புதியது உட்காராது.

முதலில் நானும் ஏபிகேயாகத்தான் கொடுத்தேன். பில்ட் கமாண்டில் ‘ஸ்ப்ளிட் பெர் ஏபிஐ’ என்று சேர்த்தால் பிராசஸர் வகைக்கு ஒன்றாகத் தனித்தனி ஏபிகே வரும், ஒவ்வொன்றும் மொத்த ஏபிகேயை விட நன்றாகவே சிறியது. எங்கள் ஆட்களிடம் இருக்கும் போன்களில் இடம் எப்போதும் நிறைந்தே இருக்கும், அதனால் இது பெரிய விஷயம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினேன். ஆனால் ஒவ்வொருவருக்கும் ‘தெரியாத செயலி’ எச்சரிக்கையை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஏபிகேயையும் திறக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில், நானே அப்படி ஒன்றைத் திறக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிளே ஸ்டோருக்குப் போவது என்று தீர்மானித்தேன்.

கணக்குத் தொடங்க ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்ட வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால் இன்னொரு நிபந்தனை உண்டு. குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள், நாம் அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்தும் மூடிய சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்கலாம். முன்பு 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் குறைத்தார்கள்.

ஆட்களுக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. ஜிமெயில் முகவரிக்குத்தான் பஞ்சம். சேரன்மகாதேவி டீக்கடையில் ஒவ்வொருவர் போனையும் வாங்கி, பிளே ஸ்டோரின் மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, அங்கே தெரியும் முகவரியைக் குறித்துக்கொண்டேன். பெரும்பாலும் மகனோ பேரனோ போட்டுக் கொடுத்த கணக்கு. ஒருவர் போனில் மருமகன் பெயரில் இருந்தது, துபாயில் இருக்கும் அவரிடம் வாய்ஸ் மெசேஜில் சம்மதம் வாங்கினோம். சோதனை இணைப்பை அந்தந்தப் போனிலேயே திறந்து ‘சேர்கிறேன்’ என்று தொட வைப்பது அடுத்த வேலை. ஏபிகே வைத்திருந்தவர்கள் அதை நீக்கிவிட்டுத்தான் பிளே ஸ்டோர் பதிப்பைப் போட முடிந்தது, ஏனென்றால் ஸ்டோரில் இறங்குவது கூகுள் வைத்திருக்கும் சாவியால் கையெழுத்தானது. யாராவது இடையில் விலகிவிட்டால் எண்ணிக்கை குறையுமே என்று கூடுதலாகச் சிலரைச் சேர்த்துக்கொண்டேன். நீங்களும் 12 என்று அளந்து நிறுத்தாதீர்கள்.

ஸ்டோருக்கு ஏபிகே கூடாது, ஆப் பண்டில் என்ற வடிவம்தான் போக வேண்டும். அதுவும் ஒரே கமாண்ட். முதல் பண்டிலை பிளே ஸ்டோரின் நிர்வாகப் பக்கமான பிளே கன்சோலில் கையால் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஏற்றும் வேலைக்கு ஃபாஸ்ட்லேனை வைத்துக்கொள்ளலாம். 2014இல் ஃபெலிக்ஸ் கிராவுசே தொடங்கிய திறமூலக் கருவி அது. கூகுள் கிளவுடில் அந்தக் கருவிக்கென ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் உருவாக்கி, அதன் ஜேசன் சாவியை இறக்கி, பிளே கன்சோலில் அந்த அக்கவுன்டுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். இதுதான் முழு வேலையிலும் சலிப்பான பகுதி, பொறுமையாகச் செய்தால் முடிந்துவிடும். செயலி இன்னும் டிராஃப்ட் நிலையில் இருந்தால் ரிலீஸையும் டிராஃப்ட் என்றே குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் ஏற்க மறுக்கும். புராஜெக்டின் பெயரும் பதிப்பும் இருக்கும் பப்ஸ்பெக் கோப்பில் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறியோடு வரும் எண்ணை ஒவ்வொரு முறையும் கூட்டினால்தான் அடுத்தது ஏறும்.

இப்போது எங்கள் ஃபாஸ்ட்லேன் கோப்பில் ஒரே ஒரு லேன், அதாவது வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். அதை ஓட்டினால் பண்டில் கட்டப்பட்டு சோதனைத் தடத்துக்குப் போய்விடும்.

இவ்வளவையும் கமாண்டாக வைத்திருந்ததன் முழுப் பலன், வீரவநல்லூரில் இருக்கும் சித்தி மகளிடம் வேலையைக் கொடுத்தபோது தெரிந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். போனில் “மேலே வலது பக்கம் பாரு, அந்தப் பச்சை முக்கோணம்” என்று சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவள் ஒட்டினாள், வந்த பிழையை அப்படியே திருப்பி அனுப்பினாள். “அண்ணே, இது லைசென்ஸ் ஏத்துக்கலன்னு சொல்லுது, டாக்டர்ல போட்டிருக்க வரியவே போடட்டா?” என்று அவளே கேட்டபோது நான் சொல்ல எதுவும் இல்லை. கமாண்டை அனுப்பும்போது முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் (`) போட்டு அனுப்புங்கள், குறிகள் உருமாறாமல் போய்ச் சேரும்.

ஐபோன் பதிப்பு இப்போதைக்கு இல்லை. அதைக் கட்ட மேக் கணினியும் எக்ஸ்கோடும் வேண்டும், ஆப்பிளுக்கு வருஷம் 99 டாலர் தனி. எங்கள் கால்வாய்க்காரர்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான். கடைமடைக்காரர்கள் எந்தக் கிளைக்கு எந்த நாள் தண்ணீர் முறை என்பதையும் செயலியில் காட்டச் சொல்கிறார்கள். அந்தத் திரையைச் சித்தி மகள்தான் எழுதுகிறாள். ஷீட்டில் முறைக்கான தாளை அண்ணாச்சி நிரப்பத் தொடங்கிவிட்டார். பிசானத்துக்குத் தண்ணீர் திறப்பதற்குள் சோதனைத் தடத்தில் ஏற்றிவிட வேண்டும்.