‘பரவால்ல சிஸ்டர்’ என்ற பதிலுக்குப் பிறகு

டயாலிசிஸ் பிரிவில் ஏழு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத்தான் ஆராய்ச்சிக்கு வந்தேன். சிறுநீரகம் வேலை செய்யாததால் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்களுக்குத் தாகம் எப்படி இருக்கிறது என்பதுதான் தலைப்பு. முறை, ஃபினாமினாலஜி. ஒருவருக்கு நேர்ந்ததை, நேர்ந்தபடியே அவர் வாயால் கேட்டு வாங்குவது.

பத்துப் பேர் போதுமா, சாம்பிள் சைஸ் கணக்கு எங்கே என்று எத்திக்ஸ் கமிட்டியில் கேட்டார்கள். இது சராசரி எடுக்கிற ஆய்வு இல்லை என்று எழுதிப் புரியவைக்க இரண்டு மாதம் ஆனது.

முதல் நேர்காணல் வீணாகப் போனது. “தாகம் உங்களை எந்த அளவுக்குப் பாதிக்குது?” என்று கேட்டேன். “பரவால்ல சிஸ்டர், நீங்க சொன்ன அளவுதான் குடிக்கிறேன்” என்றார் பெரியவர். பதிவில் என் குரல்தான் அதிகம்.

தாகம் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் முதலில் எழுதச் சொன்னார் கைடு. ஃபினாமினாலஜியைத் தொடங்கிவைத்த தத்துவவாதி ஹுசர்ல் சொன்ன ‘அடைப்புக்குறிக்குள் வைப்பது’ இதுதான். நம் முடிவுகளை அடையாளம் கண்டு ஓரமாக வைத்துவிட்டுக் கேட்பது. இரண்டு பக்கம் வந்தது. முதல் வரியே, ‘எடை கூடினால் கட்டுப்பாடு இல்லை என்று அர்த்தம்.’ குடித்த தண்ணீர் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கி எடையாகக் காட்டும். இத்தனை வருடமும் எனக்குத் தாகம் என்றால் எடை மெஷினில் தெரியும் கிலோதான்.

அப்புறம் யூனிஃபார்ம் இல்லாமல் அந்தப் பெரியவர் வீட்டுக்கே போனேன். ‘ஏன்’ என்று கேட்கவில்லை. ஏன் என்றால் மனிதர்கள் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். “ஐயா, நேத்து ரொம்ப தாகமா இருந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்க. அப்ப எங்க இருந்தீங்க?”

நீண்ட மௌனம். பேசிவிடாமல் பொறுத்துக்கொண்டேன்.

“பல் விளக்கிட்டு வாய் கொப்பளிப்பேன்ல, அந்தத் தண்ணிய உடனே துப்ப மாட்டேன். கன்னத்துல வச்சுக்கிட்டே நிப்பேன். சில்லுனு இருக்கும். சூடானதும் துப்பிருவேன்.”

“அப்புறம்?”

“யாராவது வர்ற சத்தம் கேட்டா உடனே துப்பிருவேன். குடிக்கிறேன்னு நினைச்சுப்பாங்க இல்ல?”

ஒரு மணி நேரப் பதிவைத் தட்டச்சு செய்ய எனக்கு ஏழு மணி நேரம் ஆகும். அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. ‘வச்சுக்கிட்டே நிப்பேன்’ என்பதை ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தேன், அந்த நிற்றல் காணாமல் போனது. அதனால் பகுப்பாய்வு முழுவதையும் பேச்சுத் தமிழிலேயே செய்தேன். மொழிபெயர்ப்பைக் கடைசிக்குத் தள்ளினேன்.

இதே பெரியவரை எடை மெஷின் பக்கத்தில் நிறுத்தி நான் திட்டியிருக்கிறேன்.

அடுத்த நேர்காணலுக்குக் கிளம்பும் முன் அந்த இரண்டு பக்கத்தின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘எடை கூடினால் நானும் சந்தேகப்படுவேன்.’