மட்டி ஓட்டில் ஒரு கோடு

புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, பத்துக்குப் பத்து அடியில், சிப்பி இனமான மட்டி வளர்த்துப் பார்த்தேன். லாபக் கணக்கு மட்டும் கேட்காதீர்கள். தீவனச் செலவு கிடையாது என்பதில் மயங்கி இறங்கினேன். மணலுக்குள் கிடந்தபடியே மட்டி இரண்டு குழாய்களை மேலே நீட்டும். ஒன்றில் தண்ணீரை இழுத்து, அதிலுள்ள நுண்பாசியைச் சலித்துத் தின்றுவிட்டு, மற்றதில் வெளியே விடும்.

2023 பங்குனியில், மணல் திட்டில் கிடந்த குஞ்சு மட்டிகளைப் பொறுக்கினோம். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஏறத்தாழ இரண்டாயிரம். ஒவ்வொன்றாகப் புதைக்கப் போன என்னைப் பார்த்து மாமா சிரித்தார். "சும்மா தூவுலே மருமவனே, அதுக்குக் கால் இருக்கு."

இருந்தது. ஓட்டின் இடுக்கிலிருந்து நாக்கு மாதிரி வெள்ளைச் சதை ஒன்று வந்து மணலைத் துழாவியது. ஊன்றி ஒரு இழு. படுத்துக் கிடந்த ஓடு நிமிர்ந்தது. அப்புறம் இன்னொரு இழு. கொஞ்ச நேரத்தில் ஆளையே காணோம்.

என் பயமெல்லாம் நண்டும் திருக்கையும்தான். பழைய நைலான் வலையை மேலே விரித்து, ஓரமெல்லாம் மணல் மூட்டை வைத்தோம். வலையில் படியும் பாசியைத் தேய்ப்பது தவிர வேறு வேலை இல்லை. கார்த்திகையில் இரண்டு ரூபாய் நாணயம் அளவு வந்துவிட்டது. தைக்கு எடுத்துவிடலாம் என்றிருந்தோம்.

மார்கழி முதல் நாள், டிசம்பர் 17, பிடித்தது மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி வந்த வெள்ளத்தில் முகத்துவாரம் முழுக்க ஆற்றுத் தண்ணீர். பத்து நாள் கழித்துத்தான் எங்களால் இறங்க முடிந்தது. இறால் பண்ணை நண்பனிடம் இரவல் வாங்கிய, தண்ணீரில் உப்பை அளக்கும் சலினிட்டி மீட்டர் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. நல்ல தண்ணீர் வந்தால் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல்? போதாக்குறைக்கு மேலே ஒரு சாண் வண்டல் வேறு. அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓட!

வாய் பிளந்து கிடந்தவற்றின் நாற்றத்தைச் சொல்லி முடியாது. அதைவிட மோசம், செத்த பிறகும் மூடியே இருந்து, உள்ளே சேறு நிறைந்தவை. ஒன்று சட்டியில் விழுந்தாலும் குழம்பு பூராவும் போச்சு. இரண்டிரண்டாகத் தட்டிப் பார்த்தோம். உயிருள்ளது கல் போலக் கணீரென்னும், மற்றது சொத்தென்னும். தேறியவை அறுபத்தொன்று. வெள்ளத்தில் வந்த அத்தனை அழுக்கையும் சலித்திருக்குமே என்று தின்னாமல் மணலிலேயே விட்டோம். செத்தவற்றின் ஓடு சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது.

வைகாசியில் அந்த அறுபத்தொன்றையும் எடுத்து, மண் கக்குவதற்காக ஒரு இரவு சுத்தமான கடல் தண்ணீரில் போட்டு வைத்தோம். எல்லா ஓட்டிலும், விளிம்பை ஒட்டிக் கறுப்பாய் ஒரு கோடு. வளர்ச்சி நின்றுபோன நாட்கள் அது. மாமா நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தார், போகவில்லை.

அடுத்த விதைப்பு தையில். ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்துவிடுவோம், நாணயம் அளவு வராவிட்டாலும் சரி.