ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெட்வேக்களின் ஊர்

அமெரிக்காவின் அலபாமா ஆற்றின் ஒரு கரையில் கேம்டன், எதிர்க்கரையில் துண்டுத்துணிப் போர்வைகளுக்குப் பேர்போன ஜீஸ் பெண்ட். சாலை வழியே போனால் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம். 1962-இல் இந்த ஊர்க் கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டுக் கிளம்பியதும் வெள்ளையர் நிர்வாகம் ஆற்றைக் கடக்கும் படகையே நிறுத்திவிட்டது. மறுபடி ஓடியது 2006-இல்தான். நான் படகில்தான் போனேன்.

சாலையோரப் பலகைகளில் குவில்ட் படங்கள், தைத்தவர் பெயரோடு. குவில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் கனத்த போர்வை. ஜெஸ்ஸி பெட்வே, லொரெட்டா பெட்வே, ஆர்லோன்சியா பெட்வே... எல்லாரும் சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1845-இல் இங்கிருந்த பருத்தித் தோட்டத்தை வாங்கிய மார்க் பெட்வேயின் பெயர் அது. அடிமைகள் மேல் ஒட்டிய பெயர், விடுதலைக்குப் பிறகும் போகவில்லை.

ஆனால் போர்வையைப் பார்த்தே இது இன்னார் கைவேலை என்று ஊரில் சொல்லிவிடுகிறார்கள். நடுவில் ஒரு சதுரம் வைத்து, சுற்றிச் சுற்றிப் பட்டைகள் சேர்த்துப் போவது 'ஹவுஸ்டாப்'. அதையும் ஒருவர் தைத்தது மாதிரி இன்னொருவர் தைப்பதில்லை. எந்த மாதிரியிலும் அடங்காமல் மனம்போனபடி தைத்தால் அதற்கும் பெயர் உண்டு: 'மை வே'.

ஒரு கூடத்தில் பழைய ஜீன்ஸ் துணியில் தைத்த ஒன்றை விரித்துக் காட்டினார்கள். முழங்கால் பட்ட இடம் வெளுத்து நைந்திருந்தது. பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாத கருநீலம். உழைத்த உடம்பே தெரிந்தது. 1942-இல் கணவர் இறந்ததும் அவருடைய வேலைத் துணிகளையே மிஸ்ஸூரி பெட்வே போர்வையாகத் தைத்தது இப்படித்தான். மகள் ஆர்லோன்சியா கூட இருந்து உதவினார்.

2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அப்புறம் நியூயார்க் விட்னியிலும் இந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள். உடனே மத்தீஸ், க்லீ போன்ற ஐரோப்பிய ஓவியர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். பாராட்டுதான், சரி. ஆனாலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. குளிருக்குப் பிள்ளைகளைப் போர்த்தத் தைத்தவர்கள், வண்ணத்தையும் கோணலையும் தாங்களே தீர்மானித்தவர்கள். அதற்கு ஐரோப்பிய ஓவியர் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: பெரியவை ஆயிரக்கணக்கான டாலர். அவ்வளவு தூரம் போக முடியாதென்றால், 2021 முதல் எட்ஸி என்ற இணையச் சந்தையில் பலர் அவரவர் பெயரிலேயே கடை வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பெட்வேக்கள் நிறைய. முதல் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.