1,20,000 போட்டு 1,70,470இல் முடிந்த குளியலறை

சேலம் அழகாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டின் மாடிப் படுக்கையறையை ஒட்டிய அட்டாச்டு பாத்ரூமைப் புதுப்பிக்க நேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். கீழே சமையலறைக் கூரையில் ஈரம் படர்ந்து பெயிண்ட் உரிய ஆரம்பித்திருந்தது. என் மனைவியால் முழங்கால் வலியோடு இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியவில்லை. பழைய நோட்டு ஒன்றில் நான் எழுதிய கணக்கு இது: டைல்ஸ் 22,000, வெஸ்டர்ன் டாய்லெட், வாஷ்பேசின், குழாய், ஷவர் எல்லாம் சேர்த்து 38,000, கூலி 35,000, கீசர் 9,000, மின்வேலை 6,000, சிமென்ட் மணல் 10,000. மொத்தம் 1,20,000 ரூபாய். கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஒன்றுகூட இதில் விடுபடவில்லை. கண்ணுக்குத் தெரியாதது ஒன்றுகூட இதில் இல்லை.

ஆடித் தள்ளுபடியை நம்பி ஆடி மாதத்தில் ஆரம்பித்தது முதல் தவறு. சேலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நினைவுக்கு வராமல் போனதுதான் வேடிக்கை. இடிப்பு வேலை முடிந்த கையோடு மேஸ்திரியும் ஆட்களும் நோன்பு, பொங்கல் என்று போய்விட்டார்கள். அதற்கு முன்பே கூலியில் 20,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்திருந்ததால், ஒன்பது நாள் தொலைபேசியில் கெஞ்சுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இடிப்பு, குழாய், பூச்சு, டைல்ஸ் என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே அதற்கான பணத்தைக் கொடுங்கள்.

தள்ளுபடியும் நான் நினைத்த மாதிரி இல்லை. ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு கடையில் வாங்கிய கொட்டேஷனின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் ‘வரி தனி’ என்று இருந்ததைப் பணம் கட்டும்போதுதான் பார்த்தேன். தள்ளுபடி போக வந்த 38,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 6,840 ரூபாய். “எல்லாக் கடையிலும் இப்படித்தான் சார்” என்று கணக்குப் பிள்ளை தலையை நிமிர்த்தாமலே சொன்னார். இதோடு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு: சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டியை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது 2025 செப்டம்பர் 22இல், என் வேலை முடிந்து அப்போது பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு பாத்ரூமுக்கு வாங்கும் சில மூட்டைகளில் அது பெரிய தொகை இல்லை என்றாலும், மனம் கேட்கவில்லை.

கூலி 35,000 என்று பேசியதில் இடிப்பது அடக்கம். இடித்ததை மாடியிலிருந்து கீழே இறக்குவது அடக்கமில்லை என்பது இடித்த அன்று மாலையில்தான் தெரிந்தது. சாக்கில் கட்டி இறக்கவும் வண்டி வைத்து அகற்றவும் 7,500 ரூபாய் ஆனது. தரையைத் திறந்தால், குழாய்களுக்காக விட்டிருந்த ‘சங்கன்’ பள்ளத்தில் நிரப்பியிருந்த செங்கல் ஜல்லி பல வருடத் தண்ணீரில் ஊறிச் சேறாகி நாறியது. அதை முழுவதும் அள்ளிவிட்டு, வாட்டர்புரூஃபிங் செய்து மறுபடி நிரப்ப 18,500 ரூபாய். சுவருக்குள் இருந்த பழைய இரும்புக் குழாயைப் பிளம்பர் அறுத்துக் காட்டினார். அரை அங்குலக் குழாயின் உள்ளே துருவும் உப்பும் படிந்து, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சமிருந்தது. சிபிவிசி பிளாஸ்டிக் குழாயாக மாற்றியதில் 14,000 ரூபாய். பழைய வீடு வைத்திருப்பவர்கள் இந்த மூன்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சப் பணத்தில் ஷவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

டாய்லெட்டில் பட்டதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கழிவு தரைக்குள் இறங்கும் எஸ் ட்ராப் மாடல்தான் எங்களுக்குப் பொருந்தும் என்பது வரை தெரிந்து வைத்திருந்தேன். பூச்சு முழுவதையும் பெயர்த்திருந்த செங்கல் சுவரிலிருந்து துளையின் மையம் வரை அளந்தேன். சரியாக 12 அங்குலம் இருந்தது. 12 அங்குல மாடலை வாங்கி வந்துவிட்டேன். புதுப் பூச்சும் டைல்ஸும் ஏறிய பிறகு மிஞ்சியது பத்தரை அங்குலம்! பணத்தைத் திருப்பித் தர மாட்டோம், மாற்றித் தருகிறோம் என்றார்கள். போய்ச் சேர்ந்தால், 9 அங்குல மாடல் இருப்பில் இல்லை, நாளை வாருங்கள் என்றார்கள். இரண்டு நடைக்கு ஆட்டோ வாடகை 1,200 ரூபாய். இப்போது தொட்டிக்குப் பின்னால் ஒன்றரை அங்குல இடைவெளி இருக்கிறது, பல்லிகளுக்கு வசதியாக. டைல்ஸ் ஒட்டிய பின் வரப்போகும் சுவரை மனதில் வைத்து அளந்திருக்க வேண்டும்.

இவ்வளவு அடிபட்டதில் நான் ஜெயித்த இடம் ஒன்றுதான். வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் கழிவுக்குழாயின் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட வேண்டும் என்று நான் சொன்னபோது, “முப்பது வருஷமா செய்யறேன் சார், அதெல்லாம் வேண்டாம்” என்று மேஸ்திரி முகம் சுளித்தார். நான் விடவில்லை. தண்ணீர் மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை காலியாக இருந்தது. கீழே சமையலறைக் கூரையில் தோசைக்கல் அளவுக்கு ஈரவட்டம். கழிவுக்குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் அந்த இடத்தைக் கொத்தி மறுபடி பூசினார், கூடுதல் கூலி கேட்கவில்லை. இரண்டாம் முறை கட்டிய தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

மின்வேலையும் கீசரும் சொன்ன விலையில் முடிந்தன.

டைல்ஸ் கணக்கில் மட்டும் கடைசியாக ஒருமுறை சறுக்கினேன். எட்டுக்கு ஐந்தடி அறை, ஏழடி உயரம், கதவு போகச் சுவர் மட்டும் சுமார் 165 சதுர அடி; 12க்கு 18 அங்குல டைல்ஸ் ஆறு கொண்ட ஒரு பெட்டி 9 சதுர அடிக்கு வரும் என்று 19 பெட்டி வாங்கினேன். மூலையிலும் குழாய் வாயிலும் வெட்டி வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 21 வாங்கியிருக்க வேண்டும். உடைந்தவற்றுக்கும் சேர்த்து மூன்று பெட்டி கேட்டுப் போனபோது அந்த பேட்ச் தீர்ந்திருந்தது; 2,430 ரூபாய்க்குக் கிடைத்த புதிய பெட்டிகள் ஒரு சாயல் வெளுப்பு. அவற்றைக் கதவுக்குப் பின்னால் வரும் சுவரில் ஒட்டச் சொன்னேன். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் கதவைச் சாத்துகிற ஒவ்வொரு முறையும் தெரிகிறது.