எட்டு மீட்டர் உயரத்தில் 11 இலைகள்

‘மொபைல்’ எனப்படும் தொங்கும் சிற்பத்தைக் கீழிருந்து மேலாகத்தான் கட்ட முடியும். அதில் கம்பிகள்தான் கிளைகள், அவற்றின் முனைகளில் தொங்கும் உலோகத் தகடுகள்தான் இலைகள். கடைசிக் கிளையின் இரண்டு இலைகளைச் சமன் செய்த பிறகே அதைத் தாங்கும் அடுத்த கிளையைத் தொட வேண்டும். வீடுகளுக்குச் சிறிய மொபைல்கள் செய்து இது எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஓர் அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்துக்கு, எட்டு மீட்டர் உயரக் கூரையிலிருந்து, மூன்று மீட்டர் அகலத்தில், 11 இலைகளுடன் 16 கிலோ எடையில் ஒன்றைச் செய்து மாட்டியபோது, பழகிய வேலையையே புதிதாகக் கற்றுக்கொண்டேன்.

முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 1.2 மீட்டர் கம்பி. ஒரு முனையில் 300 கிராம் இலை, மறுமுனையில் 900 கிராம் இலை. தராசின் விதிப்படி, கனமான இலையிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும். நூலில் தொங்கவிட்டால் நிற்கவில்லை. நூலை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில், கிட்டத்தட்ட 33 செ.மீ.யில் வந்து நின்றது. 4 மி.மீ. எஃகுக் கம்பிக்கே நூறு கிராமுக்கு மேல் எடை இருப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதன்பின் கணக்கைத் தோராயத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சரியான புள்ளியை நூலையே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கம்பியின் வளைவும் முக்கியம். நடுப்பகுதி சற்று மேலே எழும்பி, முனைகள் தாழ்ந்திருந்தால் ஆடினாலும் தன் நிலைக்குத் திரும்பும். அவசரத்தில் ஒரு கம்பியைத் தலைகீழாக வளைத்துவிட்டேன். விட்ட நொடியில் அது கவிழ்ந்து, இலை மேசையில் மோதி மூலை மடங்கியது. அந்த இலையை மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த பாடத்தைப் பூச்சு கற்றுக்கொடுத்தது. எல்லாக் கிளைகளையும் சமன் செய்து, கொக்கி வளையங்களையும் முறுக்கி முடித்த பிறகு இலைகளைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவற்றை மாட்டியதும் ஒவ்வொரு கிளையும் ஒரு பக்கம் சாய்ந்தது. பெரிய இலைகள் 1 மி.மீ. அலுமினியத் தகடு, கனத்துக்காகச் சில சிறிய இலைகளை 2 மி.மீ. தகட்டில் வெட்டியிருந்தேன். இரண்டின் மேலும் பூச்சு ஒரே தடிமன்தான் என்றாலும், மெல்லிய தகட்டின் எடையைத்தான் அது அதிக விகிதத்தில் கூட்டியது. நகர வேண்டிய தூரம் அரை சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தச் சாய்வு தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் கட்டாயம் படும். எல்லா வளையங்களையும் குறடால் பிரித்து மறுபடி முறுக்க இரண்டு நாள் ஆனது. இப்போதெல்லாம் பூச்சு முடியாமல் வளையம் முறுக்குவதில்லை.

எடையைக் குறைப்பதில் எனக்கு முன்மாதிரி வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் 1977-இல் மாட்டப்பட்ட, அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் மொபைல். அகலம் 20 மீட்டருக்கு மேல். எடையோ 400 கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பால் மத்தீஸ் அதன் இலைகளைத் தேன்கூட்டு அமைப்புள்ள அலுமினியத்தில் செய்துகொடுத்தார். அதை நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது.

மாட்டும் நாள் வந்தது. கட்டட மேற்பார்வையாளர், "கொக்கி போட்டாகிவிட்டது சார், நீங்கள் வந்து மாட்டினால் போதும்" என்றார். சாரத்தில் ஏறி ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். கொக்கி, ஜிப்சம் பலகையைத் தாங்கும் மெல்லிய தகட்டுச் சட்டத்தில் திருகப்பட்டிருந்தது. மேலே இருந்த கான்கிரீட் தளத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கீழே ஆட்கள் உட்காரும் இருக்கைகள். உடம்பு நடுங்கிவிட்டது. நான் கோபப்படவில்லை, அவரை மேலே அழைத்துக் காட்டினேன். அவரே முன்னின்று தளத்தில் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட ஏற்பாடு செய்தார். அதில் 100 கிலோ மணல் மூட்டையைக் கட்டி, கீழே யாரும் வராதபடி கயிறு கட்டி, ஓர் இரவு முழுக்கத் தொங்கவிட்டோம்.

எப்படியும் புதிதாகத் துளையிட வேண்டும் என்பதால் இடத்தையும் மாற்றினோம். நீளக் கழியில் மெல்லிய காகிதப் பட்டையைக் கட்டித் தூக்கிப் பார்த்ததில், பழைய இடத்தில் ஏசி காற்று நேராக அடிப்பது தெரிந்தது. அங்கே மாட்டியிருந்தால் இலைகள் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றிருக்கும். ஒரு மீட்டர் தள்ளினால் காகிதம் சும்மா அசைந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். உச்சியில் பால் பேரிங் வைத்த சுழல்கண்ணி போட்டதால் எஃகு வடம் முறுக்கிக்கொள்ளவில்லை.

கிளம்பும் முன் பராமரிப்புப் பொறுப்பாளரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். ஒவ்வோர் இலையின் எடையும் கிராமில், கிளை வாரியாக அதில் இருக்கிறது. ஏதாவது ஓர் இலை சேதமானால் அதே எடையில் வேறொன்று செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை சாரம் போட்டுச் சுழல்கண்ணியையும் வடத்தின் முனைகளையும் பார்க்க வேண்டும் என்பதைத் தாளின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அவர் அதைச் சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு, கோப்பில் வைத்தார்.