ஹைட்ரஜன் எங்கே பொருந்தும்?

ஹைட்ரஜனைத் தூய எரிபொருள் என்று புகழும் முன், அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டாக வேண்டும். இன்றைக்கும் அதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே கிடைக்கிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுக்க ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சூரிய மின்சாரத்தால் நீரைப் பிளந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிலோவுக்கு 50 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவாகிறது, ஹைட்ரஜனை வண்டியின் கலனில் அழுத்தி அடைத்து மறுபடி மின்சாரமாக்குவதற்குள் செலவிட்ட மின்சாரத்தில் பாதிக்கும் மேல் கரைந்துவிடுகிறது. சிறிய கார்களுக்கு பேட்டரியே போதும் என்பது என் எண்ணம். எஃகு ஆலையின் கதை வேறு: இரும்புத் தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரிக்கக் கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைச் செலுத்தினால், வெளியே வருவது நீராவிதான். சுவீடனில் இம்முறையில் செய்த எஃகு 2021-லேயே வாடிக்கையாளரின் கைக்குப் போய்விட்டது.